சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டு

அந்த வாடை முதலில் எனக்குத்தான் தட்டுப்பட்டது. வெயிலில் மறந்து வைத்த பிளாஸ்டிக் வாளியிலிருந்து வருமே, அந்த மாதிரி. அப்பா அம்மாவின் படுக்கையறைக்குள் போனால் வரும், வெளியே வந்தால் போய்விடும். அப்பாவிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்ப்பார், இதை மட்டும் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"பழைய பொருள்னா வாசம் வரத்தான் செய்யும். உங்கப்பன் மேலயும்தான் வருது, அதுக்கென்ன பண்ண முடியும்?"

பழைய பொருள் என்றது ஒரு வீடியோ கேம் பெட்டியை. சின்ன வயதில் தன்னிடம் இருந்த அதே ரகத்தை எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்திருந்தார். அதற்கென்று பின்பக்கம் பெருத்த ஒரு பழைய டிவி வேறு, இரண்டும் படுக்கையறையில். கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் கோபுரம் ஏறுவான். ஏழு கட்டம், மூன்று உயிர், அவ்வளவுதான் ஆட்டம். அதில் சேவ் செய்கிற வசதி கிடையாது. பெட்டியை அணைத்தால் ஏறியதெல்லாம் போச்சு, திரும்பவும் தரையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எனக்குச் சம்பளமே வீடியோ கேமில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான். நாங்கள் செய்கிற ஆட்டங்களில் யாரும் எதையும் இழப்பதில்லை. செத்தால் செத்த இடத்திலேயே எழுந்து ஓடலாம், கரண்ட் போனாலும் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆபீஸில் சின்னப் பிள்ளைகள் பழைய கேம்களின் கட்டம் கட்டமான பொம்மை போட்ட பனியன்களை மாட்டிக்கொண்டு திரிவார்கள். அதில் ஒன்றையாவது ஆடியிருப்பார்களா என்றால் இல்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கா, என் லேப்டாப்பிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரு அழகு, ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தால் சலித்துவிடும். அப்பாவுக்கு அப்படியில்லை, அது தீராத வழக்கு.

தாத்தா வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றுமுன் நேராகப் போய் டிவியின் முதுகில் கை வைத்துப் பார்ப்பாராம். சூடாக இருந்தால் அப்பாவின் முதுகு பழுத்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து டிவியை மட்டும் அணைத்துவிடுவது. பெட்டி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சிவப்பு விளக்கு கண்ணில் படாமல் மேலே ஒரு துண்டு. அப்படித்தான் ஒருநாள் ஏழாம் கட்டத்தில் நிறுத்திவைத்துவிட்டு அப்பா பள்ளிக்கூடம் போனார். தாத்தா துண்டைத் தூக்கிப் பார்த்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். அந்தக் கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. தாத்தா செத்த வீட்டில்கூட அதைத்தான் சொல்லி அழுதார்.

இப்போது தாத்தாவின் இடத்தில் அம்மா. அம்மா நர்ஸ், ராத்திரி டூட்டி. காலையில் வந்து ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, போனின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

"தல மாட்டுல ராத்திரி பகலா கரண்ட ஓடவிட்டா மனுஷி எப்படித் தூங்குறது? ஒருநாள் புடுங்கி ஜன்னல் வழியா எறியத்தான் போறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று அம்மா தினமும் சொல்வாள்.

அப்பா பயந்துவிட்டார். அணைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஓடுகிற பெட்டியையும் அதன் கறுப்பு அடாப்டரையும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறக்கி, மேலே தன் நீலத் துண்டை நாலாக மடித்துப் போட்டு மூடினார். தலை நரைத்த மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதுங்கிப் பதுங்கி அதைச் செய்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா கண்டுபிடிச்சுருவாப்பா."

"உங்கம்மா டூட்டி முடிஞ்சு வந்தா பொணம் மாதிரி தூங்குவா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் அவர் ஏழாம் கட்டத்துக்குப் போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார், முகத்தில் அப்படி ஒரு களை. இன்னும் ஒரே ஒரு கதவுதான் பாக்கி, சாயங்காலம் முடித்துவிடுவாராம். ஆபீஸில் காட்டிச் சிரிக்கலாம் என்று துண்டு மூடிய அந்தப் பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் கிளம்பும்போது அம்மா உள்ளே வந்தாள். தலைவலி என்றாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். அறைக் கதவை உள்பக்கம் தாழ் போடும் சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

மத்தியானம் எல்லோருக்கும் போட்டோவைக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குழுவிலேயே இளையவள், நாங்கள் பொடிசு என்று கூப்பிடுகிறவள், போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். குறை கண்டுபிடிக்கிற வேலையாயிற்றே.

"அக்கா, துண்டுல என்ன இது? டீ கொட்டிருச்சா?"

பார்த்தேன். துண்டின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம். அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டது நான்தான், அப்போது அதில் ஒரு கறையும் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் விழுகிற நிறம் அது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு அப்பாவுக்கு. அவர் கடை வீட்டிலிருந்து ரெண்டு தெருதான்.

"உடனே வீட்டுக்குப் போய் அதை அணைங்கப்பா. துண்டு கருகியிருக்கு."

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சாயங்காலம் வந்து பாத்துக்கலாமே" என்றார். "இன்னும் ஒரே ஒரு கதவுதான்."

"அப்பா, அம்மா உள்ள தூங்குறா."

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் லைன் அறுந்துபோயிற்று.

டாக்சியில் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கூட்டம். எங்கள் படிக்கட்டிலிருந்து கறுப்பாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரரும் அப்பாவும் கதவை உடைத்திருந்தார்கள். அம்மாவைக் கீழ்ப்படியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்கைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது, கண் திறக்கவில்லை. அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு, "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கை ரெண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், அம்மா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. அன்று முழுக்க அவள் பிழைப்பாள் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே வந்து போனார்கள்.

மறுநாள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது, வெறும் கரகரப்பு.

"நான் துண்டு மட்டும்தான் போட்டேன்" என்று அப்பா அழுதார். "அதுக்கா இப்படி எரியும்?"

"நான்தான் அது மேல தலகாணிய வச்சு அமுக்கினேன்" என்றாள் அம்மா. "கொய்னு ஒரு சத்தம். தலைவலியில தாங்க முடியல."

"உனக்குத் தெரியுமா அது ஓடுறது?"

"தினமும் தெரியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அணைச்சுத் தொலைச்சிருக்கலாமேம்மா. எறிவேன் எறிவேன்னு சொன்னியே."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள்.

"எப்படிடி அணைக்கிறது?" என்றாள். "ஏழாவது கட்டத்துல நிக்கிறாரே."

அப்பா அதற்கப்புறம் எந்த ஆட்டமும் ஆடவில்லை. அம்மாவின் பழைய குரல் திரும்பவில்லை, ஆனால் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் தூங்குகிறாள், கதவைத் தாழ் போடுவதில்லை. மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வரும் அப்பா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். கூடத்து டிவியின் முதுகு, சுவரில் இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்ச், நான் வீட்டில் இருந்தால் என் லேப்டாப்பின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் தழும்பேறிய கையால் தொட்டுப் பார்ப்பார். கடைசியாக அந்த அறைக்குப் போய், தூங்குகிற அம்மாவின் மூக்கின் கீழ் புறங்கையை வைப்பார். அவள் மூச்சு சூடாகக் கையில் பட்ட பிறகுதான் வந்து செருப்பைக் கழற்றுகிறார்.