கரண்டி கட்டிய பைப்

என் கடைச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது. கண்டுபிடிப்பாளர் போட்டி, இரண்டாம் இடம், றிபாத், மருதமுனை. அதைத் தினமும் துடைப்பவள் என் மனைவி றுமைஸா. நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

கண்டுபிடிப்பு என்னவென்றால், ஒரு தண்ணீர்க் குழாய். விரலால் திருகத் தேவையில்லை. ஒரு சாண் நீளப் பிடியை மணிக்கட்டால் தட்டினால் திறக்கும், மறுபக்கம் தட்டினால் மூடும். யோசனை எப்படி வந்தது என்று நடுவர் கேட்டார்.

"எங்கட உம்மாக்குக் கை நோவு சேர். அதப் பாத்துத்தான்" என்றேன்.

சபையே கைதட்டியது. உம்மாவுக்கு இன்றுவரை ஒரு விரல்கூட நொந்ததில்லை. செய்தி காதில் விழுந்ததும், "எனக்கெங்கடா நோவு?" என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன். வெட்கங்கெட்டவன்.

யோசனை ஞானராணி அக்காவுடையது. கல்முனையில், மெதடிஸ்த கோயிலுக்குப் பின்னால் இடியப்பம் அவித்து விற்பவர். சிக்குன்குனியா காய்ச்சல் வந்துபோனபின் அவருடைய விரல்கள் மடங்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், ஒழுகிய குழாய்ப் பொருத்தைத் திருத்த அங்கே போனேன். இடியப்பம் அவிக்கும் குசினியிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் பைப்பின் திருகுத் தலையில் ஒரு சோற்றுக் கரண்டியைக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தார்.

"இதென்ன அக்கா கூத்து?" என்று சிரித்தேன்.

"கையால திருக ஏலாது தம்பி. இதெண்டா மாக்கையோட தட்டிவிடலாம்."

வீடு வரும்வரை சிரித்தேன். அடுத்த மாதம் பித்தளையில் ஒன்று செய்து, நிக்கல் பூசி, என் பெயரைப் பொறித்தேன்.

போன சனிக்கிழமை அக்கா போனில் கோல் எடுத்தார். "தம்பி, பேப்பரில உங்கட படத்தப் பாத்தன். அந்தப் பைப் ஒண்டு எனக்கும் பூட்டித் தாங்களன்."

போகாமல் இருக்க என்ன பொய் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. போகும் வழியெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், 'அக்கா, இது உங்கட யோசனை' என்று நாலு சொல்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வாசலிலேயே நின்றார். வீங்கிய விரல்களால் புதுப் பைப்பைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வடிவு! நானும் ஒரு கரண்டியக் கட்டிக்கொண்டு கிடந்தன். தொழில் தெரிஞ்ச ஆக்கள் செஞ்சா அது வேறதான், என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தண்ணீரை நிறுத்திவிட்டுப் பழையதைக் கழற்றினேன். கம்பியை அவிழ்த்தபோதுதான் கண்டேன். கரண்டிக் காம்பைச் சுற்றி சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு இறுக்கமாக இழுத்து மாட்டப்பட்டிருந்தது. ஈரக் கை வழுக்காது, உலோகம் நோவுள்ள மணிக்கட்டில் குத்தாது. இதை நான் அன்றைக்குக் கவனிக்கவேயில்லை. அடுத்த மொடலுக்கு இதைப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தார். ரப்பரை உருவிச் சேட் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன்.

புதியதைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, "தட்டிப் பாருங்க அக்கா" என்றேன்.

மாவும் தண்ணீருமாக இருந்த கையால் தட்டினார். வழுக்கியது. இரண்டாம் முறை பலமாகத் தட்டியதும் முகத்தைச் சுளித்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை தண்ணீர் வந்தது.

"சாமான் நல்ல சாமான். என்ட கைதான் பிழை" என்றார். "பழகினாச் சரிவரும்."

அவருக்கு வேண்டிய மருந்து என் பொக்கட்டில் கிடந்தது. எடுத்து மாட்ட அரை நிமிடம் போதும். மாட்டினால், நீங்கள் செய்ததுதான் சரி, நான் செய்தது அரைகுறை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு எல்லாமே வெளியே வந்துவிடும். என் வேலை ஆயுதங்களை அள்ளிப் பெட்டியில் போட்டேன்.

"தம்பி, அந்தக் கரண்டியில ஒரு ரப்பர்த் துண்டு கிடந்தது. அதக் கண்டீங்களா? இதில மாட்டிப் பாப்பம்."

"அது குப்பை எண்டு வெளிய எறிஞ்சிட்டன் அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார்.

"பறவாயில்ல தம்பி. டியூப் இன்னொண்டு கிடக்கு" என்றார். "சூடா இடியப்பம் இருக்கு. புள்ளைகளுக்குக் கொண்டு போங்க."

பார்சலை வாங்கிக்கொண்டு வந்து மோட்டர் சைக்கிளில் ஏறினேன். கண்ணாடியைச் சரிசெய்தபோது என் சேட் தெரிந்தது. பொக்கட்டைச் சுற்றி உள்ளங்கையளவு ஈரம் பரவியிருந்தது. கறுப்பு ரப்பரின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.