எட்டுச் சதுரம், ஒரு பை

வேலை போன முப்பத்தெட்டாம் நாள், வெங்கடாசலம் எட்டுப் பின்னல் சதுரங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். எட்டும் எட்டு அளவில் இருந்தன.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையோடு மகள் வெண்பாவின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை மிசஸ் டால்டன் ஓய்வு பெறுகிறார். அவருக்குக் கையால் பின்னிய வண்ணப் பை ஒன்று கொடுப்பதென்று வகுப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஐந்தும் முடிவு செய்திருந்தன. "எங்க அப்பாதான் மேனேஜர்" என்று வெண்பா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். முப்பத்தெட்டு நாளாக அவரை அப்படி யாரும் சொல்லவில்லை. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை, நாற்காலியை விட்டுப் போனதோடு சரி.

ஐந்து வீட்டிலும் யாருக்கும் பின்னத் தெரியாது. அவர்கள் குடியிருந்த ஃபிரிஸ்கோவில் அது ஒரு தடையாகப் படவில்லை. தெரியாத வேலையைத் தெரியும் என்று எடுத்து, போகப் போகக் கற்றுக்கொண்டுதான் எல்லோரும் வீடே வாங்கியிருந்தார்கள்.

வெங்கடாசலம் சாஃப்ட்வேர் வேலையின் பதினாலு வருஷப் பழக்கத்தில் பையைத் துண்டுகளாக உடைத்தார். முன்பக்கம் நாலு சதுரம், பின்பக்கம் நாலு. மற்ற நாலு வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு சதுரம், ஒரு நிறம். தன் பங்கு ஒருங்கிணைப்பு. ஒரே தடிமனில் நூல், ஒரே அளவில் ஊசி வாங்கிக் கொடுத்தார். 'முப்பது கண்ணி, அறுபது வரிசை' என்று ஷீட்டில் எழுதினார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் கேட்டார். தினமும் எல்லோரும் 'ஆன் ட்ராக்' என்றார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொடுத்தவர், கையை மட்டும் அப்படிக் கொடுக்க முடியாது என்பதை மறந்துவிட்டார். பதினோரு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் பசுபதி, ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கியிருந்தார். அவருடைய பச்சைச் சதுரத்தை டம்ளருக்கு அடியில் வைக்கலாம். போன மாதம் சிட்டிசன் ஆன பிரீத்தாவின் மஞ்சள் சதுரத்தில் சாதம் வடிக்கலாம்.

பசுபதிக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் லூஸா திரும்பப் பண்ணித் தர முடியுங்களா?"

"முப்பது கண்ணி இருக்குதுல்ல?"

"இருக்குது."

"அறுபது வரிசை?"

"அதும் இருக்குது."

"அப்பறம் என்னங்க. என் பக்கம் க்ளோஸ். இன்டக்ரேஷன் உங்க இஷ்யூ."

வெங்கடாசலம் போனை வைத்தார். இதே வாக்கியத்தை அவரே பல டைம் ஸோன்களில் பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் மனைவி ஓவியா ஆபீசிலிருந்து வந்தாள். தோளிலிருந்து லேப்டாப் பையை இறக்காமலே மேசையைப் பார்த்தாள்.

"எல்லாத்தயும் பிரிச்சு ஒரே கையில பின்னிருங்க."

"யார் கையில?"

"இந்த வீட்ல ஃப்ரீயா இருக்கற கை எது?"

சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. அன்றைக்கு அவளே பாத்திரம் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை முதல் சதுரம், வெண்பாவைப் பள்ளியில் இறக்கிவிட்டதிலிருந்து கூட்டிவரும்வரை நீண்டது. புதன்கிழமை மூன்று முடிந்தன. கழுத்து திரும்பவில்லை. நடுவில் ஒரு ரெக்ரூட்டர் கூப்பிட்டார். "மேனேஜர் வேண்டாங்க சார், கையால வேலை செய்யறவங்களாத்தான் பாக்கறோம்." வெங்கடாசலம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முப்பத்தேழாம் வரிசையைப் பின்னிக்கொண்டே, அப்படிப்பட்டவர் யாராவது தெரிந்தால் சொல்வதாகச் சொன்னார்.

சாயங்காலங்களில் வெண்பா எதிரே உட்கார்ந்து வரிசை எண்ணினாள்.

"அப்பா, யூ ஸ்கிப்ட் ஒன்."

"பரவால்ல கண்ணு. யாருக்குத் தெரியப்போகுது."

"ஐ நோ."

பிரித்தார். மறுபடியும் பின்னினார். இத்தனை வருஷத்தில் எந்த க்ளையன்ட்டும் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டுச் சதுரங்களும் ஒன்றாக நின்றன. கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தெம்பில்லை.

மூன்று மணிக்கு, பள்ளி வாசலில் பிக்கப் வரிசையில் வண்டியோடு நின்றபோது வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது. மிசஸ் டால்டன் தோளில் பை.

'என் பச்சை எவ்ளோ நீட்டா உக்காந்திருக்குது பாருங்க' என்றார் பசுபதி.

'எங்க மஞ்சள்தான் ஹைலைட்' என்றாள் பிரீத்தா. அடுத்து அவளே, 'வெங்கட், கோ-ஆர்டினேட் பண்ணதுக்கு தேங்க்ஸ்.'

பின் சீட்டில் ஏறிய வெண்பா, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அப்பா, தே திங்க் தே மேட் இட்."

"விடு சாமி."

"பட் ஐ டோல்ட் மிசஸ் டால்டன்."

"என்னன்னு?"

"தட் யூ ஆர் நாட் த மேனேஜர்." பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "யூ மேட் இட்."

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வெங்கடாசலத்துக்குக் கட்டைவிரல் நான்கு நாளாக வலித்துக்கொண்டிருந்தது. அந்த விரலாலேயே குழுவில் ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார்.