கேட் லைனின் கடைசி வண்டி

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் இனியா போன் செய்தாள்.

"அம்மா, அப்பா வீட்ல இல்ல! நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வெளிய போயிட்டாரு. காப்பிக்கடை, பஸ் ஸ்டாப், எல்லா இடமும் பாத்துட்டேன். போலீஸுக்கும் கால் பண்ணிட்டேன். சீக்கிரம் வாங்க லா!"

கூடையை அங்கேயே போட்டுவிட்டு டாக்சி பிடிக்க ஓடினேன். என் கணவர் பரமசிவத்துக்கு மறதி நோய் வந்து சில வருடங்களாகின்றன. மார்சிலிங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் நம்பரே அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பயமே.

காலையில் நான் செய்த வேலை அப்படி. மனிதர் லேசில் படுக்கையை விட்டு எழ மாட்டார். கெஞ்சினாலும் மாட்டார், திட்டினாலும் மாட்டார். "என்னங்க, மெயில் வருது, கேட்டை மூட வேணாமா?" என்றால் மட்டும் விசுக்கென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். பசியாறி முடிப்பதற்குள் ரயிலை மறந்துபோவார். இந்த வித்தையை வைத்துத்தான் என் பொழுது ஓடியது. நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை வேறு! இன்றைக்கு ரயில் வருகிறது என்று சொல்லிவிட்டு, பசியாற வைக்காமல், மகள் பார்த்துக்கொள்வாள் என்று கிளம்பிவிட்டேன்.

டாக்சிக்காரரிடம் கிராஞ்சிப் பக்கம் போகச் சொன்னேன்.

கேட் லைன் என்று நாங்கள் கூப்பிட்ட ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. ரயில் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட், அதை ஒட்டி ஒன்பது ரயில்வே வீடுகள். அவ்வளவுதான் ஊர். மேற்கே சதுப்புக்காடு, கிழக்கே மரப்பட்டறைகள். வடக்கே போனால் மலேசியாவின் ஜோகூர், தெற்கே போனால் கடைசி ஸ்டேஷன் தஞ்சோங் பகார். தண்டவாளம் போட வந்த தமிழர்கள் அப்படியே தங்கி உண்டான இடம். சிங்கப்பூருக்குள் இருந்தாலும் நிலம் மலேசிய ரயில்வேயுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது ஆறு வீட்டில் தமிழர், மூன்று வீட்டில் மலாய்க்காரர். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், கூடவே பாம்பு. நானும் பக்கத்து வீட்டு கதீஜாவும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வாசலில் நிற்போம். அங்கே இவர்தான் கேட் கீப்பர். ரயில் வரும் நேரத்தில் பெற்ற மகள் அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ரயில் நின்றது. வீடுகளை இடித்தார்கள், தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். இப்போது அந்த வழி முழுக்கப் புல் முளைத்த நடைபாதை. ரோடு மட்டும் முன்னைவிட அகலம். கன்டெய்னர் லாரிகள் பறக்கிற அந்த ரோட்டில் இப்போது கேட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. ஒரு கிழவர் நடுரோட்டில் கை நீட்டினால் எந்த டிரைவருக்குப் புரியும்? முனீஸ்வரா, அவரை நிற்க விடாதே, எங்காவது வழி தவறிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புருஷன் தொலைந்துபோகட்டும் என்று வேண்டிய பாவி நானாகத்தான் இருப்பேன்.

தூரத்திலேயே ஹாரன் சத்தம் கேட்டது. வண்டிகள் நகரவில்லை. இறங்கி ஓடினேன். ரத்தம் கிடக்குமோ என்று தரையைத்தான் முதலில் பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தார். கட்டிய கைலி, திருப்பிப் போட்ட சட்டை, உயர்த்திய வலது கை. ஒரு பக்கம் இரும்புக்கம்பி ஏற்றிய லாரி நின்றிருந்தது. மறுபக்கத்தில் வண்டிகள் அவரை உரசாத குறையாக வளைந்து போய்க்கொண்டிருந்தன.

லாரி டிரைவர் கீழே இறங்கி நின்றான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன். சட்டையில் செல்வராஜ் என்று பெயர் இருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரா? கையைப் பிடிச்சா உதறிட்டு அந்தப் பக்கம் ஓடுறாரு. அங்க வண்டி வருது."

"என்னங்க! ரயில் போயிருச்சு, வாங்க!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். யாரோ ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"கடைசிப் பெட்டி இன்னும் போகலம்மா. ஓரமா நில்லுங்க."

அடப் பாவி மனுஷா! கேட் கீப்பர்களின் சட்டம் அது. கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு அடையாளம் இருக்கும். அதைத் தன் கண்ணால் பார்க்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது. பெட்டி ஏதாவது கழன்று பின்னால் நின்றுவிட்டிருந்தால்? அதற்காகத்தான். யார் சொன்னாலும் செல்லாது, பெண்டாட்டி பூவம்மா சொன்னாலும் செல்லாது.

லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"தம்பி, அந்தத் துணியை அவுத்துக் குடு. அந்தப் பக்கத்து வண்டிய எப்படியாவது நிறுத்து!"

அவன் துணியைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது.

நான் துணியை இடுப்பின் பின்னால் செருகிக்கொண்டேன். தண்டவாளம் கிடந்த புல்வெளியிலிருந்து ரோட்டில் இறங்கி, அவருக்குப் பக்கமாகவே நேராக நடந்தேன். வண்டிக்குள் இருந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். பிடிக்கட்டும்! ரயில் மாதிரிக் கூவிப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. எந்த நேரமும் எதுவோ வந்து எங்கள் இரண்டு பேரையும் அடித்துப் போடும் என்று முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் திரும்பிப் பார்க்குமா என்ன?

மறுபக்கத்துப் புல்லில் கால் பட்டபிறகுதான் திரும்பினேன். அவர் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை இறக்கினார். நிதானமாக என் பக்கத்து ஓரத்துக்கு நடந்து வந்து, வண்டிகளைப் பார்த்துப் போகலாம் என்று கையசைத்தார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் உதறவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு நெளிந்தார்.

"விடுங்கம்மா, டூட்டி முடிஞ்சிருச்சு. நான் வீட்டுக்குப் போகணும். பூவம்மா தனியா இருப்பா. கொஞ்சம் லேட்டானாலும் ரொம்பப் பயந்துக்குவா."

"ஆமாங்க, பயந்துதான் போயிட்டா," என்றேன். "வாங்க, அவகிட்ட போகலாம்."