வெள்ளை உடுத்தியவள்

புருஷனை மண்ணில் வைத்து நாற்பது நாள்தான் ஆகிறது. மொராக்கோவில் விதவை நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைதான் உடுத்த வேண்டும். யம்னா தலை முதல் கால் வரை வெள்ளையில், ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்து ஊர்ப் பொது அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணா?" என்று அரைகுறை அரபியில் கேட்டான், தேநீர்க் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பயணி.

"ஆமா, நேத்துதான் கல்யாணம். போய் வாழ்த்திட்டு வாங்க," என்றான் கடைக்கார ஹம்மாதி, கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்தப் பாவி எழுந்தே வந்துவிட்டான். படம் எடுத்தான். மேசையிலிருந்த புதினாக் கொத்தை அவள் கையில் திணித்து, "மாப்பிள்ளை எங்கே?" என்றான்.

கடையே சிரித்தது. ஹம்மாதியை நாலு வார்த்தை கேட்கத் திரும்பினாள் யம்னா.

"சொல்லுங்க மதினி, மாப்பிள்ளை எங்க?" என்று எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் அவள் கொழுந்தன் அஸ்ஸூ. செத்தவனின் கூடப்பிறந்த தம்பி.

அச்சு அசல் அண்ணனின் சிரிப்பு. நாற்பது நாளாக அவள் கேட்காத சிரிப்பு.

அது அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் யம்னா நடந்தாள்.