துரை எழுதிய கொள்ளையன்

சுண்ணக் குன்றுகளின் தோள்மீது காலைப் பனி சோம்பிக் கிடக்க, ஈப்போவிலிருந்து தெற்கே நீளும் சாலையின் இருமருங்கும், ஒருகாலத்தில் ரப்பர்ப் பால்மரம் நின்ற நிலமெல்லாம் எண்ணெய்ச் செம்பனை ஓங்கி நிற்க, பழந்தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் மக்கள் நிறைந்திருந்தனர். தெலுக் இந்தானுக்கும் ஆயர் தாவாருக்கும் சிதறிப்போன தோட்டத்துக் குடும்பங்கள், மதம் பாராமல் ஆண்டுக்கொருமுறை அங்கே கூடும். முன்னோரைப் பற்றி ஒருவர் உரக்க வாசித்து முடித்த பின்பே பந்தியில் இலை விழும்.

இவ்வாண்டு வாசிக்க எழுந்தவள் ஜூலியானா, ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியை. அவள் கையிலிருந்தது, முன்னாளில் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் நாட்குறிப்பு. அவன் பேரன் கடல்கடந்து அனுப்பிய ஒரே படி. கூலி உயர்வு கேட்டுக் கலகம் செய்து காட்டுக்குள் ஓடிய பத்துமலையைப் பற்றி அதில் ஒன்பது பக்கம்! பத்துமலையின் கொள்ளுப்பேத்தி ஷர்மினியோ, பட்டுச்சேலை மினுங்க முன்வரிசையில் அமர்ந்து, கண்டவரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அதே லயத்துக் கூலிவீடுகளில் வாழ்ந்த தன் பாட்டன் அந்தோணிமுத்துவுக்கு ஒரு வரிகூட இல்லையே என்று ஜூலியானாவின் வயிறு எரிந்தது. எரிச்சல் தாங்காமல், முன்தினம் எட்டாம் பக்கத்தோடு மூடிவைத்தவள் அவள்.

கற்றறிந்த வாசகரே, தம் நாட்டுக் காட்டில் ஒளிந்த கள்வனை ஏழைபங்காளன் என்று பாடிவைத்த ஆங்கிலேயர், நம் காட்டில் ஒளிந்தவனைக் கொள்ளையன் என்றே எழுதினர். இதை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லித்தருபவள் அன்று அதை மறந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். வேண்டுமென்றே, "கொள்ளையன்" என்னும் சொல் வந்த இடமெல்லாம் அழுத்தி அழுத்தி வாசித்தாள், பாவி!

ஷர்மினி துடித்தெழுந்தாள். "எங்க பாட்டன இப்படியாக்கா பேசுவீங்க?"

"துரை எழுதுனதத்தான் படிக்கிறேன் லா. நானா மாத்த முடியும்?"

"சரி லா அக்கா. அப்ப ஒரு எழுத்து விடாம கடைசி வரைக்கும் படிங்க."

ஒன்பதாம் பக்கம் திரும்பியது. ஜூலியானா ஏங்கிய பெயர் அங்கே இருந்தது. தாண்டிப் போயிருந்தால் அறிவார் எவருமில்லை; ஆயினும் ஊர்முன் சொன்ன சொல் அவள் கழுத்தைப் பிடித்தது. வாசித்தாள்: "கொள்ளையன் பதுங்கிய குகையை எமக்குக் காட்டிக்கொடுத்தவன் அந்தோணிமுத்து. நல்லவன், நம்பத்தக்கவன், ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவன்."

ஷர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. வாங்க, எல போட்டாச்சு."

துரை வைத பெயரை ஊர் வாழ்த்திற்று. துரை வாழ்த்திய பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷர்மினியின் அருகே அமர்ந்து சோற்றைப் பிசைந்த ஜூலியானாவுக்கு, மன்னிக்கத் தெரிந்த அந்தக் கையின்மேலும் பொறாமை வந்தது.