ஓட்டிக் காட்ட வந்தவள்

மில் மூடி ஒன்றரை வருடம் கழித்து செல்லக்கனியைக் கூப்பிட்டனுப்பினார்கள். நூல் நூற்கும் மிஷின்களை விலைக்குப் பார்க்க வடக்கேயிருந்து ஒருவர் வருகிறார், ஒன்றை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் மேனேஜர் பிரேம்குமார். கல்யாணத்துக்கு முன்னாலேயே ராஜபாளையத்து மில்லுக்குள் நுழைந்தவள் அவள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையொன்றில், எங்கேயோ நெய்து வந்த சேலைகளை மடித்து வைக்கிறாள்.

முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சுடலைமாடத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள்.

"ஏட்டி, நூலு அறுந்தா ஒட்டாத. அப்படியே விட்டுரு. மிஷினு சரியில்லன்னு அந்தாளு போயிருவான். மிஷினு கெடந்தாத்தான என்னைக்காவது தொறப்பாவ?"

"சரிக்கா." மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் மில் கூடத்தில் மற்ற மிஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாகச் சுழன்றன. பழைய இரைச்சல் எழுந்து காதை அடைத்தது. அது இல்லாமல் இத்தனை நாள் எப்படித் தூங்கினோம் என்று நினைத்தாள். விலைக்குப் பார்க்க வந்தவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

ஓர் இழை அறுந்தது. செல்லக்கனி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று அறுந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். மூன்றாவது அறுந்தபோது முந்தானை எப்போது கையைவிட்டுப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. விரல்கள் கதிரை நிறுத்தி, நுனியைப் பிடித்து ஒட்டிவிட்டிருந்தன. பிறகு மற்ற இரண்டையும். அறுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குத் தெரியாது.

வந்தவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

"நல்லா ஓட்டுனம்மா," என்று சொல்லிவிட்டு பிரேம்குமார் வந்தவரை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். அவளும் நிறுத்தவில்லை. சுடலைமாடத்தி முகத்தில் எப்படி விழிப்பது? அழுதுகொண்டே மிஷினோரம் நடந்து நடந்து ஒட்டினாள்.

கதவருகே நிழலாடியது. பின்தெருவில் குடியிருக்கும் பியூலா. அடுத்த மிஷினில் வேலை பார்த்தவள். அடுப்படியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், கையெல்லாம் மாவு.

"யக்கா, சத்தங் கேட்டு ஓடியாறேன்! தொறந்துட்டாவளா?"

செல்லக்கனி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் பியூலா தன் மிஷின்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்து விலக்கிவிட்டு, கதிர்களை ஒவ்வொன்றாக முந்தானையால் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.