மனுதாரரின் ஒரே மகன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். நான் திருப்பூரில் வக்கீல். கதையும் எழுதுவேன். அதனால் கட்சிக்காரர்கள் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பத்திரிகைக்காரர்களும் அப்படியே. என் இரண்டு தொழிலையும் நம்பிய ஒரே ஆள் தரணி. சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் நடத்துகிறவர். போன வருடம் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"சார், எங்க பசங்களுக்கு ஒரு பயிலரங்கு வெச்சிருக்கறோமுங்க. காலைல வேலைவாய்ப்பு வழிகாட்டல், மத்தியானம் மாதிரி நீதிமன்றம். அதுக்கு ஒரு கற்பனை வழக்கு எழுதித் தரோணுமுங்க. சட்டமும் கதையும் தெரிஞ்சவரு நீங்கதானுங்களே."

மாதிரி நீதிமன்றம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, நடக்காத ஒரு வழக்கை நடந்ததாக வைத்து வாதாடுவார்கள். அந்த வழக்கை யாராவது உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ஜெயிக்க வழியிருக்கும்படி, முடிவு இல்லாமல் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்ததில் இல்லாத எந்த விவரத்தையும் மாணவர்கள் தாங்களாகச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: உசிலவலசு என்ற ஊரில் பூவாத்தாள் என்ற நாற்பத்தைந்து வயது விவசாயி. பக்கத்தில் ஆறு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவர் வழக்குப் போடுகிறார். நான்காவது பத்தியில் ஒரு வரி: 'மனுதாரரின் ஒரே மகன் சிறுநீரகக் கோளாறால் பாதிக்கப்பட்டு, தற்போது சிகிச்சையில் உள்ளார்.'

(உசிலவலசு நான் இட்ட பெயர். வெள்ளகோவில் பக்கம் வலசு என்று முடியும் ஊர்கள் நிறைய, அதனால் அப்படி வைத்தேன். மகனைப் பற்றிய வரியை எதற்குச் சேர்த்தேன் என்றால், வழக்கில் கொஞ்சம் ஈரம் இருக்கட்டுமே என்றுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.)

2

இனிக் கதையைத் தொடங்க வேண்டும். சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

'காதர்பேட்டையில் பனியன் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகளுக்கு நடுவே, கறுப்பு அங்கி மாட்டிய ஒரு பெண் வேகமாக நடந்து...'

வேண்டாம். காதர்பேட்டையில் யாராலும் வேகமாக நடக்க முடியாது.

'அவளுடைய அப்பா பெரியகருப்பன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி, கையில் ஒரு...'

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியில் நான் அழ வேண்டியிருக்கும்.

நேராகவே சொல்கிறேன். அவள் பெயர் வேல்விழி. சட்டம் இறுதியாண்டு. அப்பா பெரியகருப்பன் சாயப்பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். அன்று காலை அமர்வில்தான் அவளை முதலில் பார்த்தேன். சுற்றுச்சூழல் சட்டம் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்ல, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருக்கும் ஒருவர் வந்திருந்தார். பயிலரங்கு நடந்த கல்யாண மண்டபத்தின் ஏசியில் மாணவர்கள் நடுங்கிக்கொண்டு கேட்டார்கள்.

"பசுமைத் தீர்ப்பாயத்துல வாதாடுனாப் பேரு வருமுங்க, வாடகை வராது*. கம்ப்ளையன்ஸ் ஆபீசரா கம்பெனிக்குள்ள போயிட்டீங்கன்னா மாசம் பொறந்தாச் சம்பளம். வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்றப்ப ஃபைலக் காட்டோணும், அவ்வளவுதான்."

வேல்விழி எழுந்தாள். "சார், ஃபைல்ல இருக்கது ஒண்ணு, வாய்க்கால்ல ஓடுறது இன்னொண்ணுன்னா, கையெழுத்துப் போட்டவ மேல கேஸ் வருமா?"

கூட்டம் சிரித்தது. அவர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

(* இந்த வாக்கியத்தைப் பாதி மண்டபம் குறிப்பெடுத்துக்கொண்டது. அன்று அதிகம் பேர் எழுதிக்கொண்ட வாக்கியம் அதுதான். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை, நானும் வாடகை வீட்டில் இருக்கிறவன்தான்.)

டீ குடிக்கும்போது அவளே என்னிடம் வந்து சொன்னாள். "எங்கப்பா வேலை பாக்குற பட்டறையிலயே எனக்கு அந்த வேலைக்குப் பேசி வச்சிருக்காக சார். அடுத்த மாசம் சேரணும். எல்லாம் சரியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும், அந்தத் தண்ணிக்குள்ள எங்கப்பா நிக்கணும். இன்னைக்கி ஜெயிச்சா தப்பிச்சேன்."

அன்றைய போட்டியில் முதலிடம் பெறுபவருக்குச் சென்னையில் ஜூனியர் வேலை. சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் எடுக்கும் ஒரு வக்கீலின் அலுவலகம். வேல்விழிக்கு வேண்டியது அதுதான். ஆனால் எந்தக் கட்சிக்கு யார் என்று சீட்டுக் குலுக்கியபோது அவளுக்கு வந்தது சாயப்பட்டறை. பூவாத்தாளை எதிர்த்துப் பேச வேண்டும்.

3

வாதம் தொடங்கும் முன் மனுதாரர் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது தரணியின் யோசனை. நிஜத் தீர்ப்பாயத்தில் அப்படியெல்லாம் கிடையாது. பிள்ளைகளுக்குக் கோர்ட்டு வாசனை தெரியட்டும் என்று, ஓய்வுபெற்ற டவாலி ராக்கையாவைக் கூட்டி வந்திருந்தார். அவர் வாசலில் நின்று, மண்டபம் அதிரக் கூப்பிட்டார்.

"பூவாத்தா... பூவாத்தா... பூவாத்தா..."

கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது.

"இருக்கறனுங்க."

எல்லோரும் திரும்பினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் எழுதிய வயதும் அதுதான். கட்டியிருந்தது ............ நிறச் சேலை. காலில் ............ செருப்பு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள்.

நான் தரணியின் பக்கம் குனிந்தேன். "நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்கறீங்க."

"நானுங்களா? நீங்க கூட்டியாந்த ஆளுன்னு நெனச்சனுங்களே சார்."

(நாடகக்காரி என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். அது ரொம்ப வசதியான நினைப்பு.)

4

மனுதாரர் அணி பேசத் தொடங்கியதும் நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கதையில் வருகிற பெண்ணை நான் 'அவள்' என்றுதான் எழுதுவேன். பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அப்படி எழுத வரவில்லை.

"ஏனுங்கம்மா, எந்த ஊருங்க?"

"உசிலவலசுங்க."

"அது எங்கீங்க இருக்குது?"

"அத நீங்க எழுதலீங்களே. பக்கத்துல ஆறு, அக்கட்டால பட்டறை, அவ்வளவுதானுங்க இருக்குது. ஒருக்கா வடக்க நடந்து போய்ப் பாத்தனுங்க. ஒண்ணுமே இல்லீங்க. திரும்பி வந்துட்டன்."

குறை சொல்கிற குரல் இல்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்களையொண்ணு கேக்கோணும்னுதான் வந்தனுங்க" என்றார். "என்ற பையன் பேரு என்னங்க?"

நான் கையிலிருந்த மனுவைப் புரட்டினேன்.

"ஒரே மகன்னு மட்டும் போட்டிருக்கறீங்க. ஊட்டுக்குள்ள அப்படிக் கூப்பிட முடியுங்களா? கண்ணு, கண்ணுன்னு கூப்பிட்டுப் பாத்துட்டனுங்க. திரும்ப மாட்டீங்கறான். செவுத்தப் பாத்தே படுத்திருக்கறான். நானு இன்னும் அவன் மூஞ்சியப் பாக்கலீங்க."

5

வேல்விழி பேச எழுந்தாள். அப்பா ஊரின் பேச்சு, வளர்ந்த ஊரின் பேச்சு இரண்டையும் ஓரம் வைத்துவிட்டு, அப்பழுக்கில்லாத தமிழில் பேசினாள்.

"மாண்புமிகு நீதிபதிகளே, உசிலவலசு எந்த வட்டத்தில் இருக்கிறது என்று மனு சொல்லவில்லை. மனுதாரரின் நிலத்துக்குச் சர்வே எண் இல்லை. ஊரும் இல்லை, நிலமும் இல்லை என்றால், கிணற்றை எங்கே தோண்டினார்கள்?"

நீதிபதிகளாக உட்கார்ந்திருந்த மூத்த வழக்கறிஞர்கள் மூவரும் நிமிர்ந்தார்கள். நடுவில் இருந்தவர் தலையாட்டினார். நான் பக்கத்தில் பார்த்தேன். பூவாத்தாளின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய நாற்காலிப் பட்டைகள் தெரிந்தன.

"மனுதாரரை அடையாளம் காட்ட ஒரு ரேஷன் அட்டைகூட இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம், அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருப்பது மட்டும்தான்."

கைதட்டல். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் கைதட்டினேன். நல்ல வாதம். மறுபடி பக்கத்தில் பார்த்தபோது, மடியில் இருந்த கைகள் மட்டும் தெளிவாக இருந்தன. மற்றதெல்லாம் கலங்கிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் சேலையின் நிறத்தை நான் எழுதியிருந்தேன். செருப்பையும் எழுதியிருந்தேன். போய்ப் பாருங்கள், புள்ளிகள்தான் இருக்கும். அது அச்சுப் பிழை இல்லை. பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். எழுதும்போது நிறம் இருக்கிறது, அடுத்த தடவை திறந்தால் புள்ளிகள் இருக்கின்றன. இப்போது எனக்கே என்ன நிறமென்று ஞாபகம் இல்லை.

6

கடைசிப் பதிலுரைக்கு முன் ஓர் இடைவேளை விட்டார்கள். வேல்விழி நேராக என்னிடம் வந்தாள். கையில் வாங்கிய டீயைக் குடிக்கவில்லை.

"சார், அந்தம்மா யாரு?"

"தெரியலம்மா."

"நான் பேசப் பேச அவுக கொறைஞ்சுக்கிட்டே வந்தாக. நான் பாத்துக்கிட்டேதான் பேசுனேன்."

"பாத்துட்டுமா பேசுனே?"

"என்ன செய்ய சார், நல்லா வந்துச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. "இன்னும் ஒரு பாயின்ட் மிச்சம் இருக்கு. அவுக மகனுக்குப் பேரே கெடையாது. பேரில்லாத ஒருத்தன் எப்பிடிப் பாதிக்கப்பட்டவன் ஆவான்னு கேட்டா முடிஞ்சது. ஜெயிச்சுருவேன். ஆனா அந்தப் பையன்..."

பிறகு சட்டென்று கேட்டாள். "எழுதுனவரு நீங்கதான சார்? நீங்களே ஒரு பேரு வச்சிருங்க. வச்சுட்டா அந்தப் பாயின்டே கெடையாது. நான் வேற ஏதாச்சும் பேசிக்கிடுதேன்."

"போட்டி நடக்கறப்ப நடுவுல மாத்தக் கூடாதும்மா. விதி இருக்குது."

"விதியா சார்?" என்று என் முகத்தையே பார்த்தாள். டீயைக் குப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

[இந்த இடத்தில் என் பக்க நியாயத்தை ஒரு பத்தி எழுதியிருந்தேன். பெயர் வைத்தால் பையன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் கதை நகரும். நகர்ந்தால் அவன் நோயும் நகரும். பெயரில்லாமல் இருக்கும்வரை எப்போதும் சிகிச்சையிலேயே இருப்பான், சாக மாட்டான் என்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். உண்மையான காரணம் அதுவல்ல.]

7

முடிவு ஒன்று: வேல்விழி அந்த வாதத்தைச் சொல்கிறாள். ஜெயிக்கிறாள். சென்னைக்குப் போகிறாள். சில வருடங்கள் கழித்து, கிணறு கெட்டுப்போன ஒரு பெண் அவளைத் தேடி வந்து எதிரே உட்காரும்போது, நாற்காலிப் பட்டைகள் தெரிகின்றனவா என்று முதலில் பார்க்கிறாள்.

முடிவு இரண்டு: சொல்லாமல் விடுகிறாள். தோற்கிறாள். அடுத்த மாதம் அப்பாவோடு அதே பைக்கில் பட்டறைக்குப் போய், முதல் கையெழுத்தைப்...

முடிவு மூன்று: அந்தப் பெண்மணி பொங்கலூர்ப் பக்கத்து நாடகக்காரி என்று தெரிய வருகிறது. எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இதை எழுதியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நடந்தது வேறு. வேல்விழி மைக் முன்னால் நின்றாள். கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"மாண்புமிகு நீதிபதிகளே, மனுதாரருடைய மகனின் பெயர்..."

நடுவில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டினார். "எந்தப் பத்தி?"

"பத்தியில இல்ல சார். நாந்தான் சொல்லுதேன்."

தரணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையோடு போட்டி முடிந்தது, சென்னை முடிந்தது. வேல்விழிக்கும் அது தெரியும். தெரிந்தும், வேலையை விட்டுவிட்டு, எதிர்க்கட்சிக்காரியின் பிள்ளைக்குப் பெயர் வைக்க நின்றாள். நான் அவ்வளவு துணிச்சல்காரியை எழுதவில்லை. அவளாக அப்படி வந்தாள்.

வாயைத் திறந்தாள். ஓர் எழுத்து வந்தது. விழுங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். மறுபடி முயன்றாள், முடியவில்லை. மண்டபத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"யாராச்சும் ஒரு பேரு சொல்லுங்களேன்."

இயற்கையைக் காக்கச் சட்டம் படிக்கிற அத்தனை பேரும் செல்போனைப் பார்த்தார்கள். நீதிபதிகள் காகிதத்தைப் பார்த்தார்கள். கடைசி வரிசை நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

"என்ன பேருன்னாலுஞ் செரிங்க. கூப்பிட்டாத் திரும்புவானுங்க."

எனக்கு ஒரு பெயர் தோன்றியது. என் வீட்டில் தினமும் நான் கூப்பிடுகிற பெயர். உடனே அதைத் தள்ளிவிட்டு, எனக்கு ஆகாத யாருடைய பெயராவது கிடைக்குமா என்று தேடினேன். நோயாளிப் பையனுக்கு வைக்கத்தானே என்று தேடினேன். டீ குடித்த இடத்தில் அவள் கேட்டபோதும் அதே பெயர்தான் வந்தது. விதி என்று நான் சொன்னது அதை மறைக்கத்தான்.

அவள் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு பெயர் வேண்டும். என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும். அதை அவசரமாக மாற்றியும் இருப்பீர்கள். மாற்றிய பெயரைச் சொன்னால் அவன் திரும்ப மாட்டான்.

முதலில் தோன்றியதைச் சொல்லுங்கள்.